மிஞ்சிய பணிஸும் பம்பாய் டோஸ்டும்

எங்கள் வாப்பா சூன் பாண் விற்பவர். இந்த ஒரு வசனத்தைக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவதற்கு எனக்கு ஆறாம் தரத்திலிருந்து உயர்தரம் வரைக்கும் ஏழு வருடங்கள் எடுத்திருக்கின்றன. பாடசாலை விட்டு வரும்போது அந்தச் சங்கீதம் கேட்டால் தோழிகள் எல்லோரும் வீதியோரம் ஓடுவார்கள். நான் மட்டும் சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்குக் குனிந்துவிடுவேன். வாப்பாவும் என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அதைப் பற்றி எழுத நான் வரவில்லை. ராத்திரியில் அந்த ஓட்டோவில் மிஞ்சி வரும் இனிப்புப் பணிஸை என்ன செய்யலாம் என்பதே விடயம். ஆனால் முதல் வசனத்தைச் சொல்லாமல் அந்த விடயத்துக்குப் போக இயலாது.

சூன் பாண் ஓட்டோவைத் தெரியாதவர்கள் நம் ஊரில் இல்லை. அதில் ஒலிக்கும் சங்கீதம் ஜெர்மன் இசைமேதை பேத்தோவன் 1810இல் எழுதியது என்பதும், அவர் இறந்து நாற்பது வருடங்களுக்குப் பிறகு 1867இல்தான் அது அச்சில் வந்தது என்பதும் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் அது வாப்பா வரும் சத்தம், அவ்வளவுதான். ‘டியூன்’ என்ற சொல் சிங்கள வாயில் ‘சூன்’ ஆனதால் இந்தப் பெயர் வந்தது.

வாப்பா சுபஹ் தொழுதுவிட்டுப் பேக்கரிக்குப் போய் ஒரு தடவையும், பின்னேரம் மூன்று மணியளவில் இன்னொரு தடவையும் சாமான் ஏற்றுவார். உக்குவளைப் பக்கமும் வரக்காமுறைப் பக்கமும் அவருடைய வட்டம். ஏற்றிய சாமானுக்கு அவர் காசு கட்ட வேண்டும். மிஞ்சியது திரும்பிப் போகாது. ஒரு பணிஸில் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது. அதனால் ஒன்று மிஞ்சினால், அதற்குப் போட்ட காசை எடுக்க இன்னும் ஐந்தாறு பணிஸ் விற்றாக வேண்டும். பாண் எப்போதும் முதலில் முடிந்துவிடும். மாலு பாணும் முட்டை வைத்ததும் கூட ஓடிவிடும். தங்குவது கிம்புலா பணிஸும் சீனி பணிஸும்தான். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. நீண்டு, இரண்டு முனையும் கூராகி, முதுகில் சீனி ஒட்டிய அந்தப் பணிஸின் உருவத்துக்கு ஏற்ற பெயர். “முதலை மிஞ்சினா முதல் போச்சு” என்பது வாப்பாவின் பழைய பகிடி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி இடித்து மழை கொட்டும்போது ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு கேற்றடிக்கு வரமாட்டார்கள். அந்த நாட்களில் பகிடி சொல்லாமலேயே வீட்டுக்குள் வருவார்.

ஒருநாள் பதினான்கு மிஞ்சியது. சூடுகாட்டி மறுநாள் காலைச் சாமானோடு கலந்து விற்றால் என்ன என்று நான் கேட்டேன். “நேத்துப் பணிஸ் எண்டு தெரிஞ்சிக்கிட்டே இண்டைக்கு ஒருத்தருக்குக் குடுக்கேலா மகள்” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொடுப்போம். மிச்சத்தை நாங்கள் பிளேன் டீயில் தோய்த்துத் தின்போம். ஒரு கிழமைக்கு நாலு நாள் பிளேன் டீயும் பணிஸும் என்றால் தம்பி கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவான். கோழிக்குப் போட்டதும் உண்டு. எங்கள் உம்மும்மா ஒரு துண்டு கீழே விழுந்தாலும் எடுத்து ஊதி மேசையில் வைப்பவர். கோழிக்கு அள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு முடியவில்லை.

“பம்பாய் டோஸ்ட் போடுங்களே” என்று சொன்னவர் அவர்தான். வாப்பா சிறு பிள்ளையாக இருந்த காலத்தில், காய்ச்சல் வந்து வாய் கசக்கும்போது, முதல் நாள் பாணை வெட்டி முட்டையிலும் பாலிலும் தோய்த்துப் பட்டரில் பொரித்துக் கொடுப்பாராம். நம் நாட்டில் பம்பாய் டோஸ்ட் என்று சொல்வதைத்தான் ஆங்கிலேயர் ‘பிரெஞ்ச் டோஸ்ட்’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் அதைத் தங்கள் நாட்டுப் பெயரால் அழைப்பதில்லை. ‘பெய்ன் பெர்டு’ என்கிறார்கள். அதன் பொருள் ‘இழந்த பாண்’. அதாவது இனி இது கணக்கில் இல்லை என்று விட்டுவிட்ட பாண்.

உம்மும்மா சொன்னபடியே செய்தேன். இரண்டு கிம்புலா பணிஸைக் குறுக்கே வட்டமாக வெட்டி, முட்டைப் பாலில் நன்றாக ஊறவிட்டு, சூடேறிய தாச்சியில் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் வெளியே கரி. உள்ளே கடித்தால் பச்சை முட்டை வாசத்தோடு குளிர்ந்த களி. பாதித் துண்டுகள் திருப்பும்போதே கலைந்துவிட்டன. வாப்பா கரியைச் சுரண்டிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பாணுக்குச் சரியாக வருவது பணிஸுக்கு ஏன் சரிவரவில்லை? இதைத் தேடப்போய்த்தான் பாண் பழசாவது என்றால் என்ன என்பதே எனக்கு விளங்கியது.

பழைய பாணை நாம் ‘காய்ந்த பாண்’ என்கிறோம். ஈரம் போய்விட்டது, அதனால் இறுகிவிட்டது என்று நினைக்கிறோம். 1852இல் பூசிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு பாணைக் காற்றுப் புகாமல், ஈரம் வெளியேறாமல் மூடி வைத்துப் பார்த்தார். அப்போதும் அது இறுகியது. அதையே மீண்டும் சூடாக்கியபோது மென்மை திரும்பி வந்தது. ஆகவே காரணம் வெறும் ஈர இழப்பு அல்ல. கோதுமை மாவில் உள்ள மாப்பொருள் மணிகள் பேக்கரி வெப்பத்தில் நீரை உறிஞ்சி வீங்கி ஒழுங்கு குலைகின்றன. புதுப்பாணின் மென்மை அந்தக் குலைந்த நிலைதான். ஆறத் தொடங்கியதும் மாப்பொருளின் சங்கிலிகள் மெல்ல மெல்ல மறுபடியும் வரிசைகட்டி இறுகுகின்றன. முதல் நாள் இரவு சோறு மறுநாள் விறைத்துப் போவதும் இதே காரணத்தால்தான். சூடுகாட்டினால் சோறு மறுபடி இளகுகிறது அல்லவா? பாணும் அப்படியே.

இதில் நம் உம்மாமார் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. பாண் பழுதாகாமல் இருக்கட்டும் என்று பிரிஜ்ஜில் வைக்கிறோம். பங்கசு பிடிப்பது தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில்தான் மாப்பொருள் மிக வேகமாக இறுகும். வெளியே வைத்த பாணைவிடப் பிரிஜ்ஜில் வைத்த பாண் ஒரே நாளில் கடினமாகிவிடும். மறுநாள் அப்படியே தின்னப்போகும் பாணைப் பிரிஜ்ஜில் வைக்க வேண்டாம். நாள் கணக்கில் வைக்க வேண்டுமென்றால் மேலே உள்ள உறையறையில் வைத்து, எடுத்ததும் சூடாக்கலாம். பம்பாய் டோஸ்ட் போடுவதற்கென்றால் பிரிஜ் நல்லது. இறுகிய பாண்தான் பாலைக் குடித்தும் கலையாமல் நிற்கும்.

இனிப்புப் பணிஸின் வேறுபாடு இங்கேதான் வருகிறது. அதன் மாவில் சீனியும் மாஜரினும் சேர்கின்றன. சீனி நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பு மாப்பொருள் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே பாண் விறைத்துப் போகும் நேரத்தில் பணிஸ் இன்னும் பஞ்சாகத்தான் இருக்கும். பஞ்சை நெடுநேரம் ஊறவிட்டால் களியாகாமல் என்ன செய்யும்? என்னுடைய முதல் பிழை அது.

இரண்டாவது பிழை தீ. ஈஸ்ட் மாவிலுள்ள சீனியை குளுக்கோசு, பிரக்டோசு என்று பிரித்துவிடுகிறது. இவை முட்டையிலும் பாலிலும் உள்ள புரதத்தோடு சூட்டில் சேரும்போது பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் இதற்கு மெயிலார்ட் தாக்கம் என்று பெயர். பாணின் மேல் ஓடு சிவப்பதும் நெய்ச்சோற்று வெங்காயம் சிவப்பதும் இதனால்தான். சாதாரண பாணில் இந்தச் சீனிகள் குறைவு, அதனால் சிவக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் உள்ளே முட்டை வெந்துவிடும். இனிப்புப் பணிஸில் சீனிகள் தாராளமாக இருப்பதால் வெளியே சீக்கிரம் சிவந்து, சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போய்விடும். உள்ளே பாலும் முட்டையும் சேர்ந்த கலவை இறுக 70 முதல் 80 பாகை செல்சியசு வரை வேண்டும். வெளி கருகுவதற்குள் உட்புறம் அந்தச் சூட்டை அடைய வேண்டுமென்றால் ஒரே வழி தீயைக் குறைப்பதுதான். போதாததற்குக் கிம்புலாவின் முதுகில் வேறு சீனி. தாச்சியில் முதலில் கருகியது அந்தச் சீனிதான்.

இப்போது நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். நான்கு கிம்புலா பணிஸ் என்று வைத்துக்கொள்வோம். பங்கசு இருக்கிறதா என்று அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு புள்ளி இருந்தாலும் முழுப் பணிஸையும் எறிய வேண்டும். பணிஸ் போன்ற மென்மையான பண்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிவதில் பயனில்லை. மீன், முட்டை, இறைச்சி வைத்தவற்றுக்கு இந்தக் கட்டுரையில் இடமே இல்லை, அவற்றை அன்றைக்கே முடிக்க வேண்டும்.

கத்தியின் மழுங்கிய பக்கத்தால் முதுகுச் சீனியைச் சுரண்டி ஒரு பாத்திரத்தில் எடுங்கள். அந்தச் சீனியே போதும், வேறு சீனி போடத் தேவையில்லை. பிறகு பணிஸை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். பணிஸின் தோல் பாலை உறிஞ்சாது, வெட்டுமுகம் உறிஞ்சும். குறுக்கே வட்டமாக வெட்டினால் துண்டு மெலிந்து கலைந்துவிடும். நீளவாக்கில் பிளந்தால் ஒரு பக்கம் தோல் தாங்கிப் பிடிக்க, மறுபக்கம் குடிக்கும். பிளந்த துண்டுகளை வெட்டுமுகம் மேலே இருக்க ஒரு தட்டில் விரித்து, மெல்லிய துணி போட்டு இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். எறும்பைச் சொல்ல வேண்டியதில்லை, தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வையுங்கள். இரவில் மறந்துவிட்டால், காலையில் எண்ணெய் விடாத தாச்சியில் வெட்டுமுகத்தை ஓரிரு நிமிடம் வாட்டி எடுத்தாலும் சரி.

முக்கால் கோப்பை பாலுக்கு இரண்டு முட்டை. எங்கள் வீட்டில் பால்மாதான். இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து நன்றாக ஆறவிடுவோம். சூடான பாலில் முட்டையை உடைத்து ஊற்றினால் அது திரிந்து நூல் நூலாகப் போகும். சுரண்டிய சீனியோடு கறுவாத்தூளை முதலில் கலந்து, அதில் முட்டையை ஊற்றி அடித்து, கடைசியாகப் பாலைச் சேருங்கள். கறுவாத்தூளை நேரே பாலில் போட்டால் கரையாமல் மேலே திட்டாக மிதக்கும்; சீனியோடு கலந்தால் பிரிந்து பரவும். ஒரு துளி உப்பு. வெள்ளைக்கரு கட்டியாகத் தொங்காமல் வடிதட்டில் ஒருமுறை வடித்துவிட்டால் இன்னும் நல்லது. வனிலா போத்தலைத் தேடி யாரும் கடைக்குப் போக வேண்டாம். மாத்தளையில் இருந்துகொண்டு நமக்கு அது எதற்கு? அடுத்த வளவில் சாதிக்காய் மரம் நிற்கிறது. சாதிக்காயைத் துருவியில் நாலைந்து தடவை தேய்த்தால் போதும். கூடினால் கசக்கும். ஏலம் போட்டால் வட்டிலப்பத்தின் வாசம் வந்துவிடும். தம்பிக்கு அது பிடிக்கும், எனக்கு இல்லை.

துண்டுகளை வெட்டுமுகம் கீழே இருக்க அரை நிமிடம் ஊறவிட்டு, தோல்பக்கம் திருப்பி ஒரு நொடியில் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் பணிஸ் என்றால் ஒரு நிமிடம். எடுத்ததும் தாச்சியில் போடாமல் தட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள். மேலே நிற்கும் பால் நடுவரைக்கும் இறங்க அந்த நேரம் வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை விட்டவர்கள்தான் வெளியே சொதசொதப்பும் உள்ளே வறண்ட மாவுமாகத் தின்கிறார்கள்.

தாச்சியில் பட்டரோடு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள். பட்டர் மட்டும் என்றால் அதிலுள்ள பால் பொருட்கள் கருகிவிடும். மெல்லிய தீயில் வெட்டுமுகம் கீழே இருக்கப் போட்டு, மூடியால் மூடி இரண்டு நிமிடம் விடுங்கள். மூடியின் கீழ் நிற்கும் ஆவி மேற்புறத்திலிருந்தும் சூடு கொடுப்பதால் நடுப்பகுதி வெந்துவிடும். பிறகு திருப்பி, மூடாமல் ஒன்றரை நிமிடம். நடுவில் விரலால் அழுத்தினால் பால் கசியக்கூடாது. மெத்தைபோல எழும்ப வேண்டும். கசிந்தால் இன்னும் ஒரு நிமிடம். முட்டை முழுதாக வேகாமல் கொடுப்பது வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. எங்கள் உம்மும்மாவுக்குப் பல் இல்லை. இந்தப் பதத்தில் இருந்தால் அவர் ஒன்றரைத் துண்டு சாப்பிடுவார். விருந்தாளி வந்தால் மேலே கொஞ்சம் கித்துள் பாணி. மற்ற நாட்களில் ஒன்றும் தேவையில்லை, பணிஸின் இனிப்பே மிச்சம்.

இது நாம் கண்டுபிடித்த சமையல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அபிசியஸ் என்ற பெயரில் வழங்கும் பழைய உரோமச் சமையல் நூலிலேயே வெள்ளைப் பாணைப் பிய்த்துப் பாலில் ஊறவிட்டு, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது. ஜெர்மனியில் இதற்கு ‘ஏழை வீரர்கள்’ என்று பெயர். ஹைதராபாத்தில் பாணை நெய்யில் பொரித்துப் பாலிலும் சீனிப்பாகிலும் ஊறவைத்து ‘டபுள் கா மீட்டா’ என்று கலியாண வீடுகளிலும் நோன்பு காலத்திலும் பரிமாறுகிறார்கள். அதில் முட்டை இல்லை, ஆனால் எண்ணம் ஒன்றுதான்.

இனிப்புப் பணிஸுக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. நாம் சொல்லும் ‘பாண்’ போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல். 1505இல் இங்கே வந்து இறங்கியவர்களின் பாஷையில் பாணுக்கு ‘பாவ்’ என்று பெயர், அதைக் கொஞ்சம் மூக்கால் சொல்வார்கள். அதே போர்த்துக்கேய நாட்டுத் தீவுகளிலிருந்து 1878 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்க்குப் போனவர்கள், தங்கள் இனிப்புப் பாணையும் அங்கே கொண்டுபோனார்கள். இன்று அமெரிக்காவில் ஹவாய்ப் பணிஸ் என்ற பெயரில் விற்கப்படும் மென்மையான இனிப்புப் பணிஸ் அந்த வழி வந்தது. அங்குள்ளவர்களும் மிஞ்சிய பணிஸை முட்டைப் பாலில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். கூலி வேலைக்குக் கப்பலேறிப் போனவர்கள் எங்கேயும் மாவையும் அடுப்பையும் விட்டுப் போவதில்லை போலும். நம் மாத்தளை மலைகளுக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் ரொட்டியும் அப்படி வந்ததுதானே.

நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமை திருகோணமலையில் அரைபட்டு மாவாகி மலையேறி வருகிறது. 2022இல் மா விலை ஏறியபோது எங்கள் வீட்டுக்கு அது நன்றாக விளங்கியது. எரிவாயு இல்லை, பெற்றோலுக்குக் கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளவு. வாப்பாவின் ஓட்டோ பல நாட்கள் முற்றத்திலேயே நின்றது. அப்போது மிஞ்சிய பணிஸ் என்ற பேச்சே இருக்கவில்லை. ஓட்டோ மறுபடி ஓடத் தொடங்கி, முதல் தடவை ஆறு பணிஸ் மிஞ்சி வந்த இரவில் உம்மா அவற்றை எண்ணி மேசையில் அடுக்கி வைத்தார், யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

சென்ற தவணைப் பரீட்சைக்குப் படிக்க மூன்று தோழிகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு பணிஸ், எட்டுத் துண்டு. தாச்சியிலிருந்து எடுக்க எடுக்க முடிந்துகொண்டே இருந்தது. எந்த பேக்கரிப் பணிஸ் என்று ஒருத்தி கேட்டாள். வாப்பாவின் ஓட்டோவில் மிஞ்சியது என்று சொன்னேன். எந்த ஓட்டோ என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப ஏழு வருஷமா ஏன் எங்களுக்கு ஒரு பணிஸாவது சும்மா தரல்ல?” என்று அவள் கேட்டாள்.

வாப்பாவுக்கென்று மூடி வைத்திருந்த துண்டையும் அவர்கள்தான் தின்றார்கள். அன்றிரவு மழை இல்லை, மூன்றே மூன்று மிஞ்சி வந்தது. வீட்டில் முட்டை ஒன்றுதான் இருந்தது. மூன்று பணிஸுக்கு ஒரு முட்டையும் அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைந்த பாலும் போதும். பிளந்து, தட்டில் விரித்து, துணி போட்டு வைத்தோம்.